நிறைவும் குறையும் மிகையும்: நிக்கொமாக்கசின் எண்பகுப்பு பற்றிய ஒரு திறனாய்வு

உலகப் பொருள்களை இனம் இனமாகப் பகுத்துக் காண்டல் அறிவின் முதற் செயல்களுள் ஒன்றாகும். சொல்லைப் பெயர், வினை, இடை, உரி எனப் பகுத்துக்கொண்ட பின்னரே இலக்கணம் வளர்ந்தது. மரஞ் செடி கொடிகளைக் குடும்பங்களாக வகுத்த பின்னரே தாவரநூல் தழைத்தது. எண்ணூலும் இதற்கு விலக்கன்று. ஆயினும் பகுத்தல் வேறு. பகுக்கப்பட்டவற்றின் இயல்பை அறிதல் வேறு. பெயரிட்ட அளவிலேயே பொருளை அறிந்துவிட்டதாகக் கருதும் மயக்கம் கற்றோரையும் விட்டபாடில்லை. இம்மயக்கத்தையும் அதனின்று மீளும் வழியையும் ஒருங்கே காட்டுவதற்கு, முழுவெண்களை அவற்றின் காரணிகளைக் கொண்டு நிறைவெண், குறைவெண், மிகையெண் என மூவகைப்படுத்திய பழைய பகுப்பு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இப்பகுப்பை விரித்துரைத்து நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று, கெராசா நகரத்து நிக்கொமாக்கசு என்பார் கிரேக்க மொழியில் இயற்றிய ‘எண்கணித அறிமுகம்’ என்பதாகும். கெராசா இற்றை யோர்தான் நாட்டிலுள்ள செராசு என்னும் ஊர். ஆசிரியர் காலம் கி. பி. 100ஐ அடுத்தது. பைதகரசின் வழிவந்த கொள்கையினரான இவர், எண்களே உலகின் அமைதிக்கு அடிப்படை என்னும் நம்பிக்கையோடு நூல் செய்தவர். இரண்டு பாகங்கள் கொண்ட இந்நூலைத் தழுவி பொயீத்தியசு என்பார் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி இலத்தீனில் ஒரு நூல் செய்தார். ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக எண்ணூல் என்றால் அதுவே எனப் பயிலப்பட்டது. ஆதலின் நிக்கொமாக்கசின் நூலை மதிப்பிடுதல், பல தலைமுறை மாணாக்கர் எதனை எவ்வாறு கற்றனர் என்பதை மதிப்பிடுதலும் ஆகும்.

முதற்கண் பகுப்பின் இலக்கணத்தை நோக்குதல் வேண்டும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். அவ்வெண்ணை ஒழித்து எஞ்சிய காரணிகளையெல்லாம் கூட்டிப் பெறும் தொகையை ஈண்டுக் காரணித்தொகை எனக் குறித்தல் வசதியாகும். காரணித்தொகை எண்ணுக்குச் சமமாயின் அது நிறைவெண். எண்ணிற் குறைந்ததாயின் குறைவெண். எண்ணின் மிக்கதாயின் மிகையெண். 6இன் காரணிகள் 1, 2, 3. அவற்றின் தொகை 6. ஆதலின் 6 நிறைவெண். 8இன் காரணிகள் 1, 2, 4, தொகை 7. ஆதலின் 8 குறைவெண். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, தொகை 16. ஆதலின் 12 மிகையெண். 1 முதல் 100 வரையுள்ள எண்களை இவ்வாறு சோதித்தால் 6, 28 என்னும் இரண்டு மட்டுமே நிறைவெண்களாகும். 22 எண்கள் மிகையெண்கள். எஞ்சிய 76 எண்கள் குறைவெண்கள். எழுதுகோலும் தாளும் கொண்டு எந்த மாணவனும் ஓரிரு மணி நேரத்தில் இதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்பகுப்பின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். நிக்கொமாக்கசுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்னே வாழ்ந்த யூக்கிளிட்டு, தமது ‘மூலங்கள்’ என்னும் நூலின் ஏழாம் பகுதியில் நிறைவெண்ணுக்கு மட்டுமே வரைவிலக்கணங் கூறினார். ஏனைய இருவகைக்கும் அவர் பெயரிடவில்லை. நிறைவு என ஒன்றைக் கூறினால், அதன் இருமருங்கும் யாவை உள என்னும் வினா தானே எழும். அவ்வினாவுக்கு விடையாகக் குறை, மிகை என்னும் இரண்டையும் சேர்த்துப் பகுப்பை முழுமையாக்கிக் காட்டுகின்றது ‘எண்கணித அறிமுகம்’. சமம், சிறிது, பெரிது என்னும் மூன்றனுள் ஒன்றே எவ்விடத்தும் பொருந்துமாதலின், எந்த எண்ணும் இம்மூன்று வகையுள் ஒன்றில் மட்டுமே அடங்கும். ஒரு பகுப்புக்கு வேண்டிய முதல் இலக்கணம் இதுவே. அவ்வளவில் ஆசிரியர் பாராட்டுக்குரியர்.

குறை தொடங்குவது பகுப்பிலன்று. பகுப்பின்மேல் ஏற்றப்பட்ட மதிப்பீட்டில். மிகையெண்களை அளவிறந்த உறுப்புகளையுடைய விலங்குகளுக்கு நிக்கொமாக்கசு ஒப்பிடுகின்றார். பல வாய்களும், பல வரிசைப் பற்களும், நூறு கைகளும் உடைய உருவங்கள் அவருடைய உவமைகள். குறைவெண்களோ ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையும் உடைய ஊனப் பிறவிகள் போன்றவை என்கின்றார். இவ்விரண்டற்கும் நடுவே நிற்கும் நிறைவெண்கள் அழகும் அறமும் போன்றவை. நல்லன சிலவாகவும் தீயன பலவாகவும் இருத்தல் உலகியல்பாதலின் நிறைவெண்களும் சிலவாகவே உள்ளன என்பது அவர் கருத்து.

நூற்குற்றம் பத்தனுள் மற்றொன்று விரித்தல் என ஒன்றை நன்னூலார் கூறுவர். எண்ணின் இயல்பைக் கூறத் தொடங்கி அறத்தின் இயல்பை விரித்தமை அக்குற்றத்தின்பாற் படும். மற்று, அக்குற்றம் நடையளவில் நின்றிருந்தால் மன்னிக்கத்தக்கதே. அது கருத்தையும் பற்றிக்கொண்டது. நிறைவு, குறை, மிகை என்பன கணக்கில் சமம், சிறிது, பெரிது என்பவற்றைக் குறிக்கும் வெறுங் குறியீடுகள். வழக்கிலோ இவை புகழ்ச்சியும் இகழ்ச்சியும் சுமந்த சொற்கள். கணக்கிற்கென எடுத்த சொல்லின் வழக்குப்பொருள் மெல்ல உட்புகுந்து, கணக்கையே ஆளத் தொடங்கிற்று. 5ஆம் நூற்றாண்டினரான அகுசுத்தீன் என்னும் கிறித்தவப் பேராசிரியர், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்ததற்கு 6 நிறைவெண்ணாக இருத்தலைக் காரணமாகக் காட்டினார். 8ஆம் நூற்றாண்டினரான அல்குவின், பெருவெள்ளத்தின் பின் நோவாவின் பேழையில் எஞ்சிய எண்மரிலிருந்து பெருகிய மனித குலம், 8 குறைவெண்ணாதலின், முந்திய படைப்பினும் நிறைவு குன்றியது என உரைத்தார். இவர்கள் பேரறிஞர்கள். சமய உரை என்னும் வகையில் அக்கருத்துகளுக்கு உரிய இடம் உண்டு. எண்ணூல் என்னும் வகையில் அவற்றால் 6ஐயோ 8ஐயோ பற்றிப் புதிதாக அறியப்பட்டது ஒன்றுமில்லை.

இனி, நிக்கொமாக்கசின் கூற்றுகளுள் சரிபார்க்கத்தக்கன சிலவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் தகும்.

முதலாவது, இம்முப்பகுப்பை அவர் இரட்டை எண்களுக்கு உரியதாகவே வகுத்துரைத்தமை. இலக்கணம் ஒற்றை எண்களுக்கும் அப்படியே பொருந்துவதாயிருக்க, அவற்றை ஒதுக்கியது ஏன்? சிறிய ஒற்றை எண்களை எடுத்துச் சோதித்தால் குறைவெண்களே கிடைக்கும். 3, 5, 7, 9, 15, 45, 105 என எதனை எடுத்தாலும் முடிவு அதுவே. இத்தோற்றத்தை நம்பியவர் ஒற்றை எண்களுள் மிகை இல்லையெனத் துணிந்துவிடுதல் இயல்பு. ஆயின் 945ஐ நோக்குக. அதனை ஒழிந்த காரணிகள் 1, 3, 5, 7, 9, 15, 21, 27, 35, 45, 63, 105, 135, 189, 315 என்னும் பதினைந்து. அவற்றின் தொகை 975. ஆகவே 945 மிகையெண். ஒற்றை மிகையெண்களுள் மிகச் சிறியது இதுவே. தொள்ளாயிரத்துக்கு மேலும் சென்று தேடினாலன்றி இவ்வுண்மை வெளிப்படாது. தருக்க நூலார் கூறும் அவ்வியாத்தி, அஃதாவது இலக்கணம் சென்று பற்றவேண்டிய இடம் முழுவதையும் பற்றாது ஒழிதல் என்னும் குற்றம், இங்கே பகுப்பின் எல்லையில் நேர்ந்துள்ளது.

இரண்டாவது, நிறைவெண்களின் வரிசை பற்றியது. 6, 28, 496, 8128 என்னும் நான்கு நிறைவெண்களையும் நிக்கொமாக்கசு தருகின்றார். ஒன்றுகளில் ஒன்று, பத்துகளில் ஒன்று, நூறுகளில் ஒன்று, ஆயிரங்களில் ஒன்று என அவை அமைதலையும், 6, 8 என்னும் இலக்கங்களில் மாறி மாறி முடிதலையும் சுட்டுகின்றார். கண்ட நான்கையும் பற்றிய அளவில் இது பிழையற்ற கூற்றே. பின்வந்தோர் அதனை எல்லா நிறைவெண்களுக்கும் உரிய விதியாக நீட்டினர். பதினாயிரங்களில் ஒன்று, நூறாயிரங்களில் ஒன்று என அடுக்கடுக்காக அவை தோன்றும் என நம்பினர்.

உண்மை வேறாக இருந்தது. ஐந்தாவது நிறைவெண் 33550336. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியொன்றில் இது காணப்படுகின்றது. எட்டிலக்க எண்ணாகிய இதற்கும் 8128க்கும் இடையே ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்களில் நிறைவெண் ஒன்றேனும் இல்லை. இத்தாலிய நாட்டவரான கற்றால்டி 1603இல் வெளியிட்ட நூலில் 131071, 524287 என்பன முதன்மையெண்கள் எனக் காட்டி, ஆறாவது, ஏழாவது நிறைவெண்களை நிலைநாட்டினார். ஆறாவது 8589869056. ஐந்தாவதும் ஆறாவதும் 6 என்னும் இலக்கத்திலேயே முடிதலின், மாறி மாறி முடியும் என்னும் விதியும் வீழ்ந்தது. நான்கு எண்களைக் கொண்டு எழுப்பிய கூற்று, அடுத்த இரண்டு எண்கள் கிடைத்த அளவில் சரிந்துபோனமை கருதற்பாலது. அவ்விரண்டைத் தேடிக் கணிக்காமல், முன்னோர் கூற்று என்பது கொண்டே அதனைப் படியெடுத்துப் படியெடுத்துக் கற்பித்து வந்த நூற்றாண்டுகள் பல.

இதே பொருளை யூக்கிளிட்டு கையாண்ட முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களை ஒன்றிலிருந்து தொடங்கிக் கூட்டுக, கூட்டுத்தொகை முதன்மையெண்ணாயின், அதனைக் கடைசியாகக் கூட்டிய எண்ணாற் பெருக்குக, வருவது நிறைவெண். இது ‘மூலங்கள்’ ஒன்பதாம் பகுதியின் 36ஆம் தேற்றம். எடுத்துக்காட்டாக, 1, 2, 4, 8, 16 என்பவற்றின் தொகை 31. அது முதன்மையெண். 31ஐ 16ஆற் பெருக்க 496 வரும். இது நிறைவெண்ணாவது ஏன் என்பதும் வெளிப்படை. 31ஐக் காரணியாகக் கொள்ளாத காரணிகள் 1, 2, 4, 8, 16. அவற்றின் தொகை 31. 31ஐக் கொண்ட காரணிகள், 496ஐ ஒழித்து, 31, 62, 124, 248; அவற்றின் தொகை 465. இரண்டையுங் கூட்ட 496. 31 முதன்மையெண் அன்றாயின் வேறு காரணிகளும் புகுந்து தொகையைக் குலைக்கும். 1 முதல் 1024 வரை இரட்டித்துக் கூட்டினால் வரும் 2047 என்பது 23ஐ 89ஆற் பெருக்கிய பெருக்கமாதலின் அங்கே இம்முறை பயன்படாது.

நிக்கொமாக்கசும் இம்முறையை எடுத்துரைக்கின்றார். முதன்மையெண்ணாதல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் மறந்தாரல்லர். அவர் நூலில் இல்லாதது நிறுவல். யூக்கிளிட்டின் கூற்று இருபத்து மூன்று நூற்றாண்டுகளாக ஓர் எழுத்தும் மாற்றப்படாமல் நிற்கின்றது. நிறுவலின் வலிமை இதுவாகும். அதுவுமன்றி, நிக்கொமாக்கசு கண்ட அழகுகளுள் எது மெய், எது தோற்றம் எனப் பிரித்துக் காட்டுவதும் நிறுவலே. யூக்கிளிட்டின் முறையாற் பெறும் நிறைவெண்கள் 6இலோ 8இலோ தான் முடியும் என்பது மெய். 6ஐ ஒழித்து ஏனையவற்றில், பெருக்கும் எண்ணின் ஈற்றிலக்கம் 4 அல்லது 6 ஆகவே இருக்கும். அது 4 ஆயின் முதன்மையெண்ணின் ஈற்றிலக்கம் 7, நான்கேழ் இருபத்தெட்டு. அது 6 ஆயின் முதன்மையெண்ணின் ஈற்றிலக்கம் 1. பெருக்கத்தின் ஈறு 6. ஈறு இவ்விரண்டே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. மாறி மாறி வரும் என்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. ஒரே மூச்சிற் கூறப்பட்ட இரு செய்திகளுள் ஒன்று நிலைத்தது, மற்றது வீழ்ந்தது. நிறுவல் இல்லாத நூலில் இரண்டும் ஒரே மதிப்புடையனவாகவே தோன்றும்.

மூன்றாவது, இம்முறையால் எல்லா நிறைவெண்களும் பெறப்படும் என்னும் எண்ணம். இதனை நிறுவ நிக்கொமாக்கசு முயன்றாரல்லர். இரட்டை நிறைவெண்கள் யாவும் யூக்கிளிட்டு கூறிய வடிவினவே என்னும் மறுதலைத் தேற்றத்தை நிறுவியவர் 18ஆம் நூற்றாண்டினரான ஒயிலர். அவர் இறந்து அறுபத்தாறு ஆண்டுகளின் பின், 1849இல், அந்நிறுவல் அச்சேறியது. ஒற்றை நிறைவெண் ஒன்றேனும் உண்டா என்னும் வினாவோ இன்றுவரை விடையின்றி நிற்கின்றது. அப்படி ஒன்று இருப்பின் அது ஆயிரத்து ஐந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும் என 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நிறைவெண்கள் எண்ணிறந்தனவா என்பதும் அறியப்படவில்லை. மின்கணிப்பொறிகள் இவ்வேலையில் இறங்கியது 1952இல். அதற்கு முன் அறியப்பட்டிருந்தவை 12. 2024 ஒக்டோபரில் 52ஆவது அறிவிக்கப்பட்டது. அந்நிறைவெண்ணை எழுதுவதற்கு 8 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். நல்லன அரியனவாதலின் நிறைவெண்ணும் அரிது என்பதை விடையாகக் கொண்டோர்க்கு இவ்வினாக்கள் தோன்றுவதற்கே இடமில்லாது போயிற்று.

நான்காவது, பெயர் அளவை மறைத்தமை. 7இன் காரணித்தொகை 1. 8இன் காரணித்தொகை 7. முன்னதற்கு ஆறு குறைகின்றது; பின்னதற்கு ஒன்றே குறைகின்றது. இரண்டுக்கும் குறைவெண் என்பதே பெயர். 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எண்கள் யாவற்றுக்கும் ஒன்றே ஒன்று குறைகின்றது. அங்ஙனமாயின், ஒன்றே ஒன்று மிகும் எண் உண்டா? இதுவரை ஒன்றும் அகப்படவில்லை; இல்லையெனவும் நிறுவப்படவில்லை. எத்துணைக் குறை, எத்துணை மிகை என்று கேட்டபொழுதே இவ்வினா பிறக்கின்றது. 20ஆம் நூற்றாண்டில் ஆய்வு இவ்வழியிற் சென்றது. காரணித்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்தில் எந்த அளவை எல்லையாகக் கொண்டாலும், அவ்வெல்லைக்கு உட்பட்ட எண்கள் முழுவெண்களுள் நிலையானதொரு பங்காகவே அமையும் என்பதை 1933இல் தவன்போட் என்பார் நிறுவினார். மிகையெண்களின் பங்கு 0.2474க்கும் 0.2480க்கும் இடைப்பட்டது என்பது 1998இல் வரையறுக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒன்று. நான்கில் ஒன்றாக ஒழுங்குபெற வரும் ஓர் இனத்தை அரிதிற் பிறக்கும் விகாரப் பிறவிக்கு ஒப்பிடுதல் உவமையளவிலும் பொருந்துவதன்று.

குறையும் மிகையும் தனித்தனியே குற்றங்கள் என்னும் கருத்தை மறுக்கப் பைதகரசு வழியினரே போற்றிய வேறொரு செய்தி போதும். 220இன் காரணித்தொகை 284. 284இன் காரணித்தொகை 220. இவ்விணையை நட்பெண்கள் என்பர். 220 மிகையெண், 284 குறைவெண். முன்னதன் மிகை 64. பின்னதன் குறையும் 64. நட்பெண் இணை எதனை எடுத்தாலும் சிறியது மிகையெண்ணாகவும் பெரியது குறைவெண்ணாகவும் இருத்தல் கட்டாயம். இத்தகைய இணைகளைப் பெறுதற்கு ஒரு பொதுவிதியை நிறுவலோடு தந்தவர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த தாபித் இபின் குறா. அவரும் நிக்கொமாக்கசின் நூலை நன்கறிந்தவர். அதனை அரபு மொழியில் ஆக்கியவரும் அவரே. மூலநூலின் பெயர்களை ஏற்றுக்கொண்டு, அதன் அறவுரையில் தங்கிவிடாமல், யூக்கிளிட்டின் முறையில் மேற்சென்றமையே அவர் பெருமை.

மிகையெண்கள் இகழத்தக்கன அல்ல என்பதை நடைமுறை உலகம் கணித நூலாருக்கு முன்னரே அறிந்திருந்தது. நாளை 60 நாழிகையாகவும், மணியை 60 நிமிடமாகவும், வட்டத்தை 360 பாகையாகவும், ஆண்டை 12 மாதமாகவும் பகுத்த மக்கள், பலவாறு பங்கிடத்தக்க எண்களையே பயன்படுத்தினர். 12, 60, 360 யாவும் மிகையெண்கள். நிக்கொமாக்கசு பெரிதும் மதித்த பிளேட்டோவே தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலில், நன்கமைந்த நகரத்துக்கு 5040 குடிகள் வேண்டும் என்றார். 1 முதல் 10 வரையுள்ள எண்கள் யாவும் உட்பட 59 காரணிகள் அதற்கு உண்டு என்பதும், ஆதலின் போரிலும் அமைதியிலும் குடிகளைப் பங்கிட்டு அமைத்தற்கு அது ஏற்றது என்பதும் அவர் காட்டிய காரணம். 5040ஐ ஒழித்து எண்ணினால் அவர் கணக்கு மிகச் சரியே. அவ்வெண்ணின் காரணித்தொகை 14304. நிக்கொமாக்கசின் அளவுகோலால் அது பெரியதொரு விகாரம். பிளேட்டோவின் அளவுகோலால் அது நகரத்துக்கு அடிப்படை. எண் ஒன்றே, அதனை நோக்கும் நோக்கமே வேறு.

5040 பின்னும் இருமுறை கணித வரலாற்றில் தோன்றுகின்றது. முதலாவது தோற்றம் இராமானுஜனின் ஆய்வில். ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1914இல் கேம்பிரிட்சு சென்று, மறுவாண்டிலேயே ‘மிகுபகு எண்கள்’ பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அச்சிட்டார். 1916இல் அவருக்குக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் பி. ஏ. பட்டம் வழங்கியது இவ்வாய்வுக்காகவே. தனக்குக் கீழ்ப்பட்ட எல்லா எண்களினும் மிகுதியான காரணிகளை உடைய எண்ணே மிகுபகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என வரிசை செல்லும். 5040உம் அதன்கண் உண்டு. இவற்றுள் 6ஐ விஞ்சியவை யாவும் மிகையெண்களே.

இராமானுஜன் இவ்வினத்துக்குப் புகழுரை எதுவும் சூட்டவில்லை. இத்தகைய எண்ணின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்றே வினவினார். அதனை முதன்மையெண்களின் பெருக்கமாக விரித்தால் 2, 3, 5, 7 என இடைவிடாது வரும் என்றும், சிறிய முதன்மையெண் வரும் தடவைகளினும் பெரியது மிகுதியாக வராது என்றும், 4, 36 என்னும் இரண்டை ஒழித்து ஏனையவற்றிற் கடைசி முதன்மையெண் ஒருமுறையே வரும் என்றும் நிறுவினார். 5040 என்பது 2 நான்கு முறையும், 3 இருமுறையும், 5உம் 7உம் ஒவ்வொரு முறையும் பெருக்கிய பெருக்கமாதல் காண்க. அவர் தொகுத்த 102 எண்களின் அட்டவணையில் 293318625600 என்னும் ஓரெண் விடுபட்டுப்போனமை பின்னர் அறியப்பட்டது. அதனால் அவர் தேற்றங்களுக்கு யாதொரு குறையும் நேரவில்லை. அட்டவணை தேற்றத்திலிருந்து பிறந்தது. தேற்றம் அட்டவணையிலிருந்து பிறந்ததன்று. நான்கு எண்களைக் கண்டு விதி கூறிய பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதனினும் தெளிவாகப் புலப்படுதல் அரிது.

இரண்டாவது தோற்றம் இன்னும் வியப்புடையது. 1984இல் பிரான்சு நாட்டவரான உரொபின் என்பார், எண்ணின் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் ஓர் எல்லையைக் குறித்தார். எண்ணின் மடக்கைக்கு மீண்டும் மடக்கை கண்டு, அதனோடு எண்ணையும் மாறிலி ஒன்றையும் பெருக்குவதாற் பெறப்படுவது அவ்வெல்லை. 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அதனைத் தாண்டாது என்னும் கூற்று மெய்யாயின் ரீமான் 1859இல் வெளியிட்ட கருதுகோளும் மெய். அக்கருதுகோள் மெய்யாயின் இக்கூற்றும் மெய் என அவர் நிறுவினார். முதன்மையெண்களின் பரம்பலை ஆளும் அக்கருதுகோள், கணிதத்தில் இன்றளவும் தீராத பெருவினாக்களுள் தலையாயது. பிளேட்டோ தேர்ந்த 5040, அவ்வெல்லையை மீறுவதாக அறியப்பட்ட எண்களுள் இறுதியானது. எந்த எண்ணின் மிகை எத்துணைத் தூரம் செல்லலாம் என்பது வெறும் விளையாட்டு வினாவன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்விடத்தில் நிக்கொமாக்கசின் சார்பாக ஒரு வாதம் எழலாம். அவர் நூல் தத்துவம் பயிலப் புகும் இளைஞர்க்கு எழுதிய தொடக்க நூல். உவமைகள் கற்பிப்பதற்கு உதவுவன. அவற்றைத் தேற்றங்களாகக் கொண்டு குற்றங் காண்டல் முறையன்று என்பர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. உவமையின்றிக் கற்பித்தல் எவர்க்கும் இயலாது. நூற்றாண்டுகள் பலவற்றில் எண்கள்மேல் ஆவலை வளர்த்ததும் அந்நூலே. ஆயினும் உவமை பொருளிடத்துச் செலுத்துவதாயிருத்தல் வேண்டும். பொருளினின்றும் விலக்குவதாயிருத்தல் ஆகாது. விகாரம் எனப் பெயர் பெற்ற இனத்தை ஆராய முற்படுவார் யார்? தொடக்க நூலுக்கு நிறுவல் வேண்டா என்பதும் ஏற்புடையதன்று. 496 நிறைவெண்ணாவது ஏன் என்பதற்கு மேலே காட்டிய காரணம், கூட்டலும் பெருக்கலும் அறிந்த சிறுவனுக்கும் விளங்கக்கூடியது. தொடக்கத்திலேயே ‘ஏன்’ என்னும் வினாவைப் பழக்காத கல்வி, முடிவிலும் அதனைப் பழக்குவதில்லை.

கல்லூரி மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வரலாறு இருவகையிற் பயன்படும். வரைவிலக்கணத்தையும் அதற்கு மூன்று எடுத்துக்காட்டையும் மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைப்பவன் நிக்கொமாக்கசின் மாணவன்; 6, 28, 496, 8128 என எழுதியபின், ஐந்தாவதும் இவ்வாறே அமையுமா என ஐயுற்றுக் கணிக்கப் புகுபவன் யூக்கிளிட்டின் மாணவன். இருவரும் பெறும் புள்ளிகள் ஒன்றாக இருத்தல் கூடும். இருவர் பெறும் கல்வி ஒன்றன்று. மற்றொன்று, ஓர் அளவுகோலால் குறை எனப்பட்டது பிறிதோர் அளவுகோலாற் குறையாதல் இல்லை என்பது. 7 என்னும் எண் குறைவெண். ஆயின் முதன்மையெண்களுள் ஒன்று. 7 இன்றேல் 28 என்னும் நிறைவெண்ணே இல்லை. நிறைவெண் ஒவ்வொன்றும் இரு குறைவெண்களின் பெருக்கமாகவே யூக்கிளிட்டின் முறையிற் பிறக்கின்றது. எண்களை வகைப்படுத்துவோர்க்கேயன்றி, வகுப்பறையில் மாணாக்கரை வகைப்படுத்துவோர்க்கும் இது நினைவிருத்தல் நன்று.

தொகுத்து நோக்குமிடத்து, நிக்கொமாக்கசின் முப்பகுப்பு எச்சமின்றி அமைந்த நல்ல பகுப்பு. அதன்மேல் அவர் ஏற்றிய மதிப்பீடு நிலைபெறாதது. பகுப்பின் பயன் அது தரும் பெயர்களில் இல்லை. அது எழுப்பும் வினாக்களிலும் அவ்வினாக்களுக்குத் தேடப்படும் நிறுவல்களிலும் உள்ளது. யூக்கிளிட்டு, தாபித் இபின் குறா, ஒயிலர், இராமானுஜன் ஆகியோர் வேறுபட்ட நாட்டினர், காலத்தினர், சமயத்தினர். அவர்களை ஒரு வரிசையில் நிறுத்துவது, சொல்லியவர் யாராயினும் சொல்லப்பட்டதைச் சோதித்தே ஏற்பது என்னும் ஒழுக்கமாகும். ஒற்றை நிறைவெண் உண்டா இல்லையா என்னும் வினா அவ்வொழுக்கத்தையுடைய புதிய மாணாக்கரை எதிர்நோக்கி இன்றும் நிற்கின்றது.